யமுனைக்கு ஒரு சாபம் வேண்டும்

டெல்லி அரசியல்வாதியின் துணிச்சலை அளக்க ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் யமுனை. 2025 ஜனவரி 29 அன்று, சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கையில், ஹரியானா முதலமைச்சர் நாயப் சிங் சைனி பல்லா கிராமத்துக் கரையில் குனிந்து ஒரு கை நீர் அள்ளி வாயில் விட்டுக்கொண்டார். ஹரியானா அரசு யமுனையில் விஷம் கலந்து டெல்லிக்கு அனுப்புகிறது என்று ஆம் ஆத்மி கட்சியின் அரவிந்த் கேஜ்ரிவால் சொல்லியிருந்ததற்கு இதுதான் பதிலாம். ஆம் ஆத்மிக்காரர்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, "குடிக்கவில்லை, துப்பிவிட்டார்" என்றார்கள். பாஜகவினர் "குடித்தார், குடித்தார்" என்றார்கள். கோடிக்கணக்கானவர்கள் வாழும் தலைநகரின் தேர்தல் பிரச்சாரம், ஒரு முதலமைச்சரின் தொண்டைக்குழி ஏறி இறங்கியதா என்கிற ஆராய்ச்சியில் வந்து நின்றது.

சைனி கெட்டிக்காரர். பல்லா என்பது யமுனை டெல்லிக்குள் காலெடுத்து வைக்கும் இடம். டெல்லியின் பெரிய சாக்கடை எதுவும் அதுவரை அதில் விழுந்திருக்காது. இன்னும் கொஞ்சம் கீழே வந்து, வஜீராபாத் தடுப்பணையைத் தாண்டி, நஜஃப்கட் வாய்க்கால் கலக்கிற இடத்தில் கையை நீட்டலாமா என்று தன் கட்சிக்காரரையே அவர் கேட்டிருக்கலாம். டெல்லி பாஜக தலைவர் வீரேந்திர சச்தேவா 2024 அக்டோபர் 24 அன்று ஐடிஓ பகுதியின் யமுனைத் துறையில் இறங்கி முங்கி எழுந்தார். ஆம் ஆத்மி அரசு செய்த பாவத்துக்காக யமுனை அன்னையிடம் மன்னிப்புக் கேட்டாராம். ஓரிரு நாளில் உடம்பெல்லாம் அரிப்பு, மூச்சுத் திணறல் என்று ராம் மனோகர் லோஹியா மருத்துவமனைக்குப் போனார். அன்னை மன்னித்தாளோ என்னவோ, தோல் மன்னிக்கவில்லை.

தீபாவளி முடிந்த கையோடு வடக்கே பாய் தூஜ் வரும். யமன் தன் தங்கை யமுனையின் வீட்டுக்கு விருந்துண்ண வந்த நாள். அன்றைக்கு அவள் நீரில் முழுகினால் யமபயம் கிடையாது என்பது ஐதீகம். மதுராவில் விஷ்ராம் காட் துறையில் அண்ணனும் தங்கையுமாகக் கைகோத்து முழுகுகிறார்கள். தலைநகரின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு அங்கே போய்ச் சேர்ந்த நீர் அது. அதில் முழுகுகிறவர்களுக்கு யமபயம் போகிறதோ இல்லையோ, யமனோடு நல்ல பழக்கம் ஏற்பட்டுவிடும்.

பர்வேஷ் வர்மாவின் கதை இதைவிடச் சுவையானது. 2022 அக்டோபரில் அவர் மேற்கு டெல்லி எம்.பி. பீகார்க்காரர்கள் ஆற்றில் நின்று சூரியனை வணங்கும் சத் பூஜைக்கு முன்னால், யமுனையின் நுரையை அடக்க டெல்லி ஜல் போர்டு, அதாவது குடிநீர் வாரியத்து ஆட்கள் காளிந்தி குஞ்சுத் துறையில் நுரைக்கொல்லி தெளித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் நின்று, இந்த மருந்தை உன் தலையில் ஊற்றட்டுமா என்கிற தோரணையில் ஓர் அதிகாரியைக் கேமரா முன்னால் வறுத்தெடுத்தார். சில நாளில் அந்த அதிகாரி, பாவம், அதே நீரில் குளித்துக் காட்டினார். போர்டு வாங்கிய ரசாயனம் தீங்கற்றது என்று நிரூபிக்க ஓர் அரசு ஊழியர் தன் உடம்பையே ஈடு வைக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் வர்மா, கேஜ்ரிவாலின் அட்டை உருவத்தைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் யமுனையில் முக்கியெடுத்தார். பிப்ரவரியில் அசல் கேஜ்ரிவாலைப் புதுடெல்லித் தொகுதியில் தோற்கடித்தார். நீர்வளத்துறை அமைச்சரானார். அக்டோபர் வந்தது. சத் பூஜை வந்தது. நுரை வந்தது. படகுகளும் வந்தன. படகிலிருந்து தெளிக்கப்பட்டது அதே நுரைக்கொல்லி. இப்போது ஆம் ஆத்மிக்காரர்கள் 2022 வீடியோவைத் தோண்டியெடுத்து, அன்றைக்கு பாஜகவினர் பேசிய வசனங்களைத் தாங்கள் பேசினார்கள். ராஜபார்ட்டும் கள்ளபார்ட்டும் வேஷத்தை மாற்றிக்கொண்ட நாடகக் கொட்டகை இது. டிக்கெட் காசு மட்டும் ஒவ்வொரு வருஷமும் நம்முடையது.

கேஜ்ரிவாலை அனுதாபத்தோடு பார்க்கவும் வழியில்லை. 2025க்குள் யமுனையைச் சுத்தம் செய்து நானே முழுகுவேன் என்று மேடை மேடையாகச் சொன்னவர். 2025 வந்ததும் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட அதே வாயால்தான் விஷக் குற்றச்சாட்டும் வந்தது. பத்து வருஷம் ஆண்ட ஊரின் மலக்குழாய் ஆற்றில் விழுவதைச் சொல்ல வாய் வரவில்லை, பக்கத்து மாநிலத்து அம்மோனியாவை விஷம் என்று சொல்ல வந்தது.

நுரையில் மர்மம் ஒன்றுமில்லை. வீட்டுச் சலவைத்தூளிலும் சாயப்பட்டறைக் கழிவிலும் இருக்கும் சோப்புப் பொருள்கள், பாஸ்பேட்டுகள், சுத்திகரிக்காத சாக்கடை எல்லாம் சேர்ந்த நீர் ஓக்லா தடுப்பணையில் உயரத்திலிருந்து விழுந்து கடையப்படுகிறது. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது வெள்ளை மலையாகப் பொங்கி நிற்கிறது. சரியாகச் சத் பூஜை சமயம். மருந்து தெளித்தால் நுரை படியும், நஞ்சு படியாது. நுரை டிவியில் தெரியும், நஞ்சு தெரியாது. ஆகவே மருந்து தெளிக்கிறார்கள். 2021இல் இன்னும் எளிமையாக, மூங்கில் தடுப்புக் கட்டிப் படகிலிருந்து தண்ணீர் பீய்ச்சி நுரையை விரட்டினார்கள். எங்கே விரட்டினார்கள் என்று கேட்கக் கூடாது. உத்தரப் பிரதேசம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

சொல்லப்போனால் டெல்லியில் ஓடுவது யமுனையே இல்லை. யமுனோத்ரியில் பிறந்து மலையை விட்டு இறங்கும் ஆற்றை, ஹரியானாவின் ஹத்னி குண்ட் தடுப்பணையில் கிழக்குக் கால்வாய், மேற்குக் கால்வாய் என்று பிரித்துக்கொள்கிறார்கள். மழையில்லாத மாதங்களில் ஆற்றுக்கென்று கீழே விடுவது விநாடிக்கு 10 கன மீட்டர். 23 வேண்டும் என்று ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம் சொல்லிவிட்டுப் போனது. வழியில் மணல் குடித்தது போக வஜீராபாத் வந்து சேர்வதை டெல்லி தன் குடிநீருக்கு உறிஞ்சிக்கொள்கிறது. அதற்குக் கீழே ஆறு இல்லை. அந்த இடத்திலிருந்து 22 வாய்க்கால்கள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன. இவற்றில் மிகப் பெரியதான நஜஃப்கட் வாய்க்காலும் ஒரு காலத்தில் சாஹிபி என்ற பெயரில் ஓடிய ஆறுதான். வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டர். 1,376 கிலோமீட்டர் நீள ஆற்றில் இரண்டு சதவீதம்கூட வராது. ஆற்றின் மாசில் முக்கால்வாசி இங்கேதான் சேருகிறது. குளிக்கும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக்கிருமி 2,500க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. டெல்லியை விட்டு வெளியேறுகிற இடத்தில் அது லட்சக்கணக்கில் போயிருக்கிறது.

வருஷத்தில் ஒன்பது மாதம் டெல்லி தீபம் காட்டி வணங்குவது, காலையில் தான் இழுத்துவிட்ட கழிப்பறைத் தண்ணீரை. கஷ்மீரி கேட் பக்கம் டெல்லி வளர்ச்சி ஆணையம், அதாவது டிடிஏ, 2024இல் வாசுதேவ் காட் என்று ஒரு துறை கட்டித் திறந்தது. கல் படிகள், மண்டபங்கள், புல்வெளி, காசி பாணியில் ஆரத்தி. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் சங்கு ஊதுகிற அந்த இளைஞர்களுக்கு என் வணக்கம். 2025 சத் பூஜையின்போது அந்தத் துறையில் ஆற்றிலிருந்து பிரித்து ஒரு குளம் கட்டினார்கள். பிரதமர் முழுகுவதற்காகச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு நகல் யமுனை தயாராகிறது என்று எதிர்க்கட்சி கூச்சலிட்டது. பக்தர்களுக்காகத்தான் என்றது அரசு. பிரதமர் வரவில்லை. ஆறு பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, தன்னைப் போலவே ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்களே என்று எட்டிப் பார்த்தபடி.

சத் பூஜைக்குக் காளிந்தி குஞ்சில் நிற்கும் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பத்தாறு மணி நேரம் தண்ணீர்கூடத் தொடாத விரதம். மூக்கு நுனியிலிருந்து உச்சி வகிடு வரை ஒரே கோடாக ஆரஞ்சுக் குங்குமம். கையில் மூங்கில் முறம், அதில் தேங்காய், வாழைப்பழம், கரும்பு, வீட்டில் பொரித்த டேகுவா. நுரையைக் கையால் விலக்கி இடுப்பளவு நீரில் நின்று, சாயும் சூரியனுக்கு அர்க்கியம் கொடுக்கிறார்கள். விலக்கிய இடத்தை நுரை மறுபடி மூடுகிறது. அவர்கள் மறுபடி விலக்குகிறார்கள். கரையில் குழந்தைகள் நுரையை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் வீசி விளையாடுகின்றன. நுரைக்கு நடுவே நிற்கிற ஒரு கிழவியை, "மாதாஜி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று ஒரு புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். கிழவி திரும்பவில்லை. அவளுக்குச் சூரியன் அந்தப் பக்கம் இருந்தது.

2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் யமுனைக் கரையில் சத் பூஜைக்கு அனுமதி மறுத்தது. இந்த நீரில் இறங்கினால் மக்களுக்கு நோய் வரும் என்பது காரணம். நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் நோயைத் தயாரிப்பவர்களை விட்டுவிட்டு, நோய் வரக்கூடியவர்களைத் தடுப்பதுதான் இந்த நாட்டில் சுகாதாரம் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு நுரையில் நிற்கும் பெண்களின் படங்களைப் பார்த்து, "எவ்வளவு படிப்பறிவில்லாத ஜனங்கள்" என்று தெற்கு டெல்லி வரவேற்பறைகள் உச்சுக்கொட்டின. எனக்கு அங்கேதான் பற்றி எரிந்தது. அந்த நுரை உன் வீட்டு வாஷிங் மெஷினிலிருந்து வந்ததம்மா. அதில் துணி போட்டு எடுத்தவள் வேண்டுமானால் அந்தப் பீகார்ப் பெண்ணாக இருக்கலாம். நீ அனுப்பிய அழுக்குக்குள் அவள் சாமி கும்பிடுகிறாள். அதையும் நீ போட்டோவில் பார்த்து அழுக்கு என்கிறாய்.

அந்த வரவேற்பறைகளுக்கும் யமுனையில் ஒரு பருவம் உண்டு. டிசம்பர் ஜனவரியில் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் கடற்காகங்கள் ஆயிரக்கணக்கில் வந்து யமுனா பஜார் துறையில் இறங்கும். விடியற்காலையில் பனிமூட்டம், வெள்ளைச் சிறகுகள், மரப்படகு. பார்க்க அப்படித்தான் இருக்கும், சொக்கிப்போகிற மாதிரி. கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் லெஹங்கா ஷெர்வானியோடு படகேறி ஓமப்பொடியை வீச, பறவைகள் பாய்ந்து கவ்வ, கேமரா படபடக்கும். கறுப்புத் தண்ணீர் படத்தில் வெள்ளியாக விழும். மணத்தைப் படம் பிடிக்கும் கேமரா இன்னும் வரவில்லை. எத்தனை ஆயிரம் மைல் கடந்து வந்து, கடைசியில் எண்ணெயில் பொரித்த கடலை மாவு. அந்தப் பறவைகளுக்கு ஊருக்குப் போய்ச் சொல்ல என்ன இருக்கும் என்று யோசித்திருக்கிறேன்.

பாலங்களில் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கம்பி வலை அடித்திருக்கிறார்கள், யாரும் பூஜைக் குப்பையை வீசக் கூடாதென்று. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதற்கு 5,000 ரூபாய் அபராதமும் அறிவித்தது. நிஜாமுதீன் பாலத்தில் நடந்து பாருங்கள். வலையில் அங்கங்கே கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள், ஓட்டையைச் சுற்றிலும் சிக்கிக் காய்ந்த சாமந்திச் சரம். ஒரு பெரிய கார் நின்றது. இறங்கியவர் கண்ணை மூடி, பையை நெற்றியில் ஒற்றி, ஓட்டை வழியாகத் திணித்தார். பழைய காலண்டர் சாமி, உடைந்த அகல், ஊதுவத்தி டப்பா, வாடிய மாலை எல்லாம் முடிச்சுப் போட்ட பாலித்தீன் பைக்குள். "பாயி சாஹப், பையையாவது அவிழ்த்துக் கொட்டக் கூடாதா?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா எல்லாத்தையும் ஏத்துக்குவா ஜி" என்றார். கார்க் கதவைச் சாத்தும்போது, "நீங்க மதராஸா?" என்றும் கேட்டார். நாத்திகம் தெற்கிலிருந்துதான் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மா ஏற்றுக்கொள்வாள் என்பதுதான் இந்த ஊரின் கழிவுநீர்க் கொள்கை. அரசாங்கத்தின் கொள்கையும் அதுவே. மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், 1993இல் ஜப்பான் கடனில் தொடங்கிய யமுனைச் செயல்திட்டம், அதற்குப் பின் வந்த இரண்டாம், மூன்றாம் கட்டங்கள், கோடிகள் எல்லாம் இந்த நம்பிக்கையின் மேல் நிற்பவை. அழுக்கு யமுனை பற்றி ஒரு நாளிதழில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு 1994இல் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. 23 வருஷம் நடத்தி 2017இல் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பிவைத்தது. அம்மாவுக்குப் பொறுமை அதிகம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையும் யமுனையும் உயிருள்ள சட்ட நபர்கள் என்று அறிவித்தது. தலைமைச் செயலாளர் உள்ளிட்ட அதிகாரிகள் ஆற்றுக்குப் பெற்றோர் ஸ்தானத்தில் நியமனம். புராணப்படி சூரியனின் மகளுக்கு ஐஏஎஸ் அப்பா. உத்தராகண்ட் அரசு அலறியடித்து உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. என்ன கேட்டது தெரியுமா? வெள்ளத்தில் ஆள் செத்தால் ஆற்றின் மேல் நஷ்டஈடு வழக்குப் போடுவார்களே, யார் கட்டுவது என்று கேட்டது. ஜூலையில் தடை வந்தது. ஆறு பழையபடி தெய்வமானது. தெய்வமாக இருந்தால் செலவில்லை. நபரானால் பில் வரும்.

ஆற்றங்கரையில் ஆன்மிகம் வளர்த்த கதையில் நம் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். பாபநாசத்தில் பிறந்த ஸ்ரீஸ்ரீ ரவிசங்கர். அவருடைய வாழும் கலை அமைப்பு 2016 மார்ச்சில் யமுனையின் வெள்ளச் சமவெளியில் உலகக் கலாசார விழா நடத்தியது. ஏழு ஏக்கரில் மேடை. மிதவைப் பாலம் போட்டுத்தந்தது இந்திய ராணுவம். தொடக்கி வைத்தவர் பிரதமர். நாணலும் சதுப்புமாக இருந்த இடத்தை உருளை ஓட்டி இறுக்கிவிட்டார்கள். பசுமைத் தீர்ப்பாயம் ஐந்து கோடி முன்பணமாகக் கட்டு என்றதும், ஜெயிலுக்குப் போவேனே தவிர அபராதம் கட்ட மாட்டேன் என்றார் குரு. பிறகு கட்டினார்கள். நிபுணர் குழு, மீட்டெடுக்க 13.29 கோடி ரூபாயும் பத்து வருஷமும் ஆகும் என்றது. அதற்கு அவர் சொன்ன பதில்: தப்பு என்றால் அனுமதி கொடுத்த அரசாங்கங்களுக்கும் தீர்ப்பாயத்துக்கும் அபராதம் போடுங்கள். மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறவர் என்பதால் இதை மூச்சு விடாமல் சொல்ல முடிந்தது.

அவருக்கு முன்னோடிகள் உண்டு. 2005இல் அக்ஷர்தாம் கோவில். பக்கத்திலேயே 2010 காமன்வெல்த் விளையாட்டுக் கிராமம். அந்த இடம் ஆற்றுப்படுகையும் இல்லை, வெள்ளச் சமவெளியும் இல்லை என்று 2009இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. தீர்ப்பின் நகல் ஆற்றுக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. மறு வருஷ மழையில் அந்தக் கிராமத்தின் அடித்தளங்களில் தண்ணீர் வந்து நின்றது.

உண்மையான யமுனை டெல்லிக்கு வருவது மழைக்காலத்தில் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களுக்கு நகரம் வைத்திருக்கும் பெயர் பேரிடர். 2023 ஜூலை 13 அன்று நீர்மட்டம் 208.66 மீட்டர். 1978இல் வந்த 207.49தான் அதுவரை உச்சம். செங்கோட்டைச் சுவர், ராஜ்காட், ஐடிஓ எல்லாவற்றிலும் தண்ணீர். சுத்திகரிப்பு நிலையங்கள் மூழ்கியதால் குழாயில் தண்ணீர் இல்லை. ஐடிஓ தடுப்பணையில் சில மதகுகள் திறக்கவே இல்லை, துருவும் சேறும் இறுகிப்போய். ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். மதகு ஹரியானாவின் பொறுப்பு என்றது டெல்லி. டெல்லியை மூழ்கடிக்கச் சதி என்றும் சொன்னது. ஹத்னி குண்ட் அணை இல்லை, தடுப்பணை, அதில் தண்ணீரைத் தேக்க முடியாது என்று பொறியியல் பாடம் எடுத்தது ஹரியானா. 2025 செப்டம்பரில் மறுபடி 207 மீட்டரைத் தாண்டியது. மறுபடி அதே ஊர் நனைந்தது.

மயூர் விஹாரில் சாலையோரமாக நீலத் தார்ப்பாய்க் கூடாரங்கள் வரிசையாக முளைத்தன. காதரில், அதாவது ஆற்றுச் சமவெளியில், முள்ளங்கியும் கீரையும் காலிஃபிளவரும் போடுகிற குடும்பங்கள். மேம்பாலத்துத் தூணில் கட்டிய எருமை. நடைமேடையில் ட்ரங்குப் பெட்டி, அதன் மேல் பள்ளிக்கூடப் பை, அதன் மேல் டேபிள் ஃபேன். தண்ணீர் வடிந்து அவர்கள் திரும்பிப் போய்க் குடிசை கட்டினால் டிடிஏ புல்டோசர் வரும். காரணம் கேளுங்கள்: ஆக்கிரமிப்பு, வெள்ளச் சமவெளியைக் காப்பாற்ற வேண்டும். கோவிலும் அடுக்குமாடியும் மெட்ரோ பணிமனையும் அங்கேயே கல்லும் சிமெண்டுமாக நிற்கின்றன. முள்ளங்கிப் பாத்திதான் ஆற்றைக் கொல்கிறது.

டெல்லியைத் தாண்டி, மதுரா, ஆக்ரா தாண்டி, எட்டாவா பக்கம் இந்தப் பிணத்துக்கு மறுபடி உயிர் வருகிறது. உயிர் கொடுப்பது சம்பல். சம்பலுக்கு ஆரத்தி கிடையாது. பெரிய தீர்த்தத் துறை கிடையாது. கும்பமேளா கிடையாது. ரந்திதேவன் என்ற அரசன் வெட்டிய மிருகங்களின் தோலிலிருந்து வழிந்த ஆறு என்று மகாபாரதம் சொல்லும். பாஞ்சாலி சபித்த ஆறு, இதன் நீரைக் குடித்தால் பழிவெறி ஏறும் என்று கரையோர மக்கள் சொல்வார்கள். போதாக்குறைக்கு மான் சிங், பூலான் தேவி என்று கொள்ளையர் ராஜ்யம். பயந்துபோய் அந்தக் கொள்ளையர் பகுதியில் யாரும் பெரிய ஊர் வளர்க்கவில்லை, ஆலை வைக்கவில்லை, படித்துறை கட்டவில்லை. பலன், வட இந்தியாவின் சுத்தமான ஆறுகளில் ஒன்று அது. கரியால் முதலை மணலில் வெயில் காய்கிறது, ஓங்கில் துள்ளுகிறது. பிரயாக்ராஜ் சங்கமத்தில் யமுனை என்று கோடிப்பேர் முழுகிய நீரில் பெரும்பங்கு இந்தச் சபிக்கப்பட்டவளுடையது. 2025 பிப்ரவரியில் அந்தச் சங்கமத்திலும் மலக்கிருமி அதிகம் என்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்திடம் சொன்னது. குளிக்க மட்டுமில்லை, ஆசமனம் செய்யவும் ஏற்றது என்று உத்தரப் பிரதேச முதலமைச்சர் யோகி ஆதித்யநாத் சட்டமன்றத்தில் சொன்னார். கும்பிட்ட இடத்தில் கிருமி, கும்பிடாத இடத்தில் முதலை. கொள்ளையர்கள் சரணடைந்தபின் சம்பலிலும் மணல் லாரிகள் இறங்கிவிட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2012இல் மொரேனாவில் திருட்டுக் கல் ஏற்றிய டிராக்டரை மறித்த இளம் ஐபிஎஸ் அதிகாரி அதன் சக்கரத்தில் செத்தார். பூலான் இருந்தவரை ஆற்றுக்குப் பாதுகாப்பு இருந்தது.

மார்கழி விடியலில் டெல்லித் தமிழர்கள் போர்வை சுற்றிக்கொண்டு திருப்பாவை சேவிக்கிறோம். ஆண்டாள் யமுனையைத் 'தூய பெருநீர்' என்று பாடியவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு, பார்க்காமலே. நாங்கள் ஒரு கிலோமீட்டரில் இருந்துகொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடுகிறோம்.

ஆகவே ஒரு மனு தயாரித்திருக்கிறேன். யமுனையைத் தெய்வப் பட்டியலிலிருந்து உடனடியாக நீக்க வேண்டும். அவள் தங்கையோ மகளோ தாயோ இல்லை, தீட்டுப்பட்டவள் என்று அரசிதழில் வெளியிட வேண்டும். அவள் கரையில் கட்டிய கட்டடத்துக்கு வாஸ்து ஆகாது, வம்சம் விளங்காது என்று நாலு டிவி ஜோதிடர்களை விட்டுச் சொல்லவைக்க வேண்டும். அவள் நீரில் கை வைத்த வேட்பாளருக்கு டெபாசிட் போகும் என்று ஒரு வதந்தியைக் கிளப்ப வேண்டும், அதற்குக் கட்சிகளின் ஐடி பிரிவுகள் உதவலாம். நான்கைந்து கொள்ளையர்களைக் கரையில் குடியமர்த்த வேண்டும், சட்டமன்றத்துக்குள் இருப்பவர்களை அல்ல, குதிரையும் துப்பாக்கியுமாக நேர்மையாகத் தொழில் செய்பவர்களை.

யாரிடம் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை. இந்த 22 கிலோமீட்டரில் மூன்று தடுப்பணைகள். வஜீராபாத் டெல்லியுடையது, ஐடிஓ ஹரியானாவுடையது, ஓக்லா உத்தரப் பிரதேசத்துடையது. கரை டிடிஏவுடையது, டிடிஏ மத்திய அரசுடையது. முன்பெல்லாம் ஒருவர் மற்றவரைக் காட்டுவார், அவர் இன்னொருவரைக் காட்டுவார், நாமும் சுற்றிச் சுற்றி வருவோம். 2025 பிப்ரவரி முதல் ஹரியானா, டெல்லி, உத்தரப் பிரதேசம், மத்திய அரசு, மேலே உத்தராகண்ட் வரை எல்லாம் ஒரே கட்சி. கைகாட்ட ஆள் இல்லாமல் போயிற்றே, இனி என்ன செய்வார்கள் என்று கவலைப்பட்டேன். வீண் கவலை. பத்து வருஷம் ஆண்ட கேஜ்ரிவால் இருக்கிறார். அவர் தீர்ந்தால் நேரு இருக்கிறார்.